ஏற்காடு ஏறும் சின்ன காருக்கு ஒரு ஓபிடி மீட்டர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதி தூரம் இரண்டாவது கியர்தான். என் 2015 மாடல் சின்ன காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஓபிடி மீட்டரை, அதாவது கார் கம்ப்யூட்டர் தரும் எண்களைக் காட்டும் சின்னத் திரையை, வாங்கினேன்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் 2,800 ரூபாய். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் வயரைச் செருகினால் போதும், எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம். “தம்பி, வயர் கால்ல தட்டக் கூடாது” என்றேன். “பீடிங்குக்கு உள்ள விட்டுடறேன் அக்கா” என்றவர், சொன்னபடியே சுத்தமாக மறைத்துக் கொடுத்தார்.

கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எவ்வளவு சூடு என்று டிகிரிக் கணக்கில் தெரிகிறது. இது ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். என் வண்டியில் நீல விளக்கு அணையும்போது 57 டிகிரிதான். விளக்கு அணைந்துவிட்டதே என்று உடனே ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் இன்னும் முழுச் சூட்டுக்கு வரவில்லை. சமவெளியில் 85க்கும் 90க்கும் நடுவில் நிற்கிறது. மலை ஏறும்போது, ஏசியும் ஓடினால், 100ஐத் தாண்டி 103 வரை போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் கூலண்ட் 100 டிகிரியில் கொதிக்காது. 105ஐ நெருங்கினால் நான் ஏசியை அணைத்துவிடுகிறேன், இரண்டு வளைவுக்குள் எண் இறங்கிவிடும். முள் இருக்கும் கார்களிலும் இந்த விவரம் கிடைப்பது அபூர்வம். பல கம்பெனிகள் முள்ளை வேண்டுமென்றே நடுவில் அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கின்றன.

அப்புறம் பேட்டரி வோல்ட். வண்டி ஓடும்போது 14க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மழை நாளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 12.3 காட்டியது, பேட்டரி விளக்கோ எரியவில்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் சரியானது.

வேகத்தை ஜிபிஎஸ் மோடில் பார்ப்பது நல்லது. கார் மீட்டர் 80 என்றால் இது 75 என்கிறது. கார் மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. விதி 39, அதனால் தயாரிப்பவர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். மலையில் மரங்கள் மூடிய இடங்களில் ஜிபிஎஸ் கொஞ்சம் தாமதமாகக் காட்டும்.

மைலேஜுக்காக மட்டும் யாரும் இதை வாங்காதீர்கள். என் கார் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை ஓபிடி வழியாக அனுப்புவதில்லை, ஆகவே டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குப் பழைய கோடுகள்தான் கதி. ஏற்றத்தில் டேங்க் சாய்வதால் அவையும் ஏறி இறங்கும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று இது காட்டுவது, இன்ஜினுக்குள் போகும் காற்றை வைத்துப் போடும் கணக்கு. ஃபுல் டேங்க் போட்டு ஒப்பிட்டபோது 19.5 என்று காட்டியது, நிஜத்தில் கிடைத்தது 17தான். மெனுவில் திருத்த எண் போட்டால் நெருங்கி வருகிறது. ஆனால் மெனு முழுக்க சுருக்கெழுத்துகள். கூட வந்த தாளைத் தொலைத்துவிட்டால் சிரமம்.

சேலத்து ஏப்ரல் வெயிலில் டபுள் சைடு டேப் இளகி மீட்டர் சரிந்தது, நல்ல டேப்பாக மாற்றி ஒட்டினேன். இரவில் வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்கும், குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது சூட்டு எச்சரிக்கை 120 டிகிரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அது மிகவும் தாமதம், முதல் வேலையாக 108க்கு மாற்றுங்கள்.

வாங்கும் முன் கடையிலேயே செருகிப் பாருங்கள், பழைய கார்கள் சிலவற்றில் எண்களே வராது. சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும் என்பதால், ஒரு வாரம் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் வயரைக் கழற்றிவிடுங்கள்.