அக்காவின் ஒற்றைத் தலைவலியும் ஆஸ்பத்திரி வரிசையும்

இம்முறை இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்குப் போனபோது நேரத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிகளில்தான் கழிந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் பெரியம்மா மகளுக்குப் பல வருடங்களாகத் தலைவலி. பீனிசம் என்றார்கள், பிரஷர் என்றார்கள். அக்காவோ பனடோல் வலிமாத்திரையை விழுங்கிவிட்டு மலைக்குப் போய்விடுவார்.

முதலில் போன அரச வைத்தியசாலையில் விடியற்காலையிலேயே நம்பர் துண்டு எடுத்துக் காத்திருந்தோம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களத்தில் வலியை விவரிக்க வராது. இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதி முடிந்தது. ஒரு சதமும் வாங்கவில்லை, யாரும் அதட்டவுமில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி ஸ்கேனில் தெரியும் நோயல்ல. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். லண்டனில் என் அம்மாவுக்குத் தொலைபேசியிலாவது தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தருகிறார்கள். 1987 முதல் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் அதற்கு ஓர் ஆள் இல்லையா?

அடுத்துப் போன இடத்தில் தமிழ் பேசும் டாக்டர் இருந்தார். வலி ஒரு பக்கமா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, குமட்டுமா, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காதா, நடந்தால் கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிக்கு முன்னால் கண்ணுக்குள் கோணல் கோணலாக மின்னும் என்று அக்கா சொன்னதை நானும் அன்றுதான் கேட்டேன். அது மைக்ரேன் வலிக்கு முன்னால் வரும் ‘ஓரா’ எனும் அறிகுறியாம், 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரா இல்லாமலே மைக்ரேன் வரும். மருந்தில்லாமல் விட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும்.

எதனால் தூண்டப்படுகிறது என்று கேட்டபோது அக்காவின் அன்றாடம் முழுவதும் வெளியே வந்தது: வெறும் பிளேன் டீயோடு வேலைக்குப் போவது, பனி விலகியதும் கண்ணைக் குத்தும் வெயில், மாதவிடாயை ஒட்டிய நாட்கள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலிருப்பது. வேலை செய்யும் மலையில் கழிப்பறை இல்லை, அதனால் குடிப்பதில்லை. இதற்கு டாக்டரிடம் மருந்து கிடையாது. தோட்ட நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும்.

பனடோல் போன்ற வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்தால் அதுவே தலைவலியை உண்டாக்கும் என்றும் சொன்னார். வலி வரும் நாட்களைக் கொப்பியில் குறிக்கச் சொன்னார்; அக்காவின் மகள் குறிக்கிறாள். திடீரென்று இடிபோல் இறங்கும் தலைவலி, ஒரு பக்கக் கைகால் தளர்வு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றைக் கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.