குளிர்ந்த வெயிலில் வெளுத்த சிவப்பு

ஷார்ஜாவிலிருந்து கோவையில் வந்து இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏறினேன். அரவேனு தாண்டியதும் கண்ணாடியை இறக்கிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொள்வது என் பழக்கம். வீட்டு வாசலில் அப்பாவின் கார் நின்றது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் பாதி, நான் பாதி போட்டு வாங்கிய சிவப்புச் சிறிய கார். கதவுகளின் கீழ்ப்பாதி மட்டும்தான் இன்னும் சிவப்பு. கூரையும் பானட்டும் பழைய ஓடுபோல வெளிறிக் கிடந்தன. பானட்டை உள்ளங்கையால் தடவினேன். ரேகைகளில் குங்குமம் போலத் தூள் ஏறியது.

மனம் கஷ்டப்பட்டது. ஷார்ஜாவில் காரை நிழலில்தான் நிறுத்துவேன். முன்கண்ணாடிக்குத் தட்டி வைக்காமல் இறங்க மாட்டேன். ஆனால் ஊரில் நிற்கும் காரைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. அது தவறு. பெயிண்டைத் தின்பதில் சூட்டைவிடப் புற ஊதாக் கதிருக்கே பெரிய பங்கு. உயரம் ஏற ஏற அதை வடிகட்டும் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் அது கூடுகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கிறது. அதோடு நாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கிறோம். சித்திரையில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மெல்லிய மேகம் அந்தக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை. இரவில் இறங்கும் பனி ஈரமும் பகல் வெயிலும் மாறி மாறிப் பெயிண்டின் பசையை உடைக்கின்றன. பசை போனதும் நிறத்தூள் மட்டும் மேலே நிற்கிறது. என் கையில் ஒட்டியது அதுதான்.

மூன்றாம் நாள் வேறு வேலையாகக் காரிலேயே கோவைக்கு இறங்கினேன். அங்கே பெரிய கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் கேட்டேன். இருக்கையை விட்டு எழுந்து வராமலேயே 'செராமிக் கோட்டிங் போட்டுவிடலாம், 28,000 ரூபாய், ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை' என்றார்கள். செராமிக் நல்ல பொருள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது இருக்கிற மேற்பரப்பைக் காக்கும், செத்ததை எழுப்பாது. காரைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களிடம் அதை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே மலை ஏறிவிட்டேன். 

அக்காள் வீட்டு அத்தான் சொல்லித்தான் குன்னூரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, பெயர்ப் பலகைகூட இல்லை. பெயிண்டருக்கு அறுபது வயது இருக்கும். விலை பேசுவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து உள் சட்டத்தைக் காட்டினார். "இதைப் பாருங்கள் தம்பி, இதுதான் உங்கள் காரின் நிறம்." வெயில் ஒரு நாளும் எட்டாத அந்த இரண்டு விரல் அகலத்தில், ஷோரூமில் சாவி வாங்கிய அன்று பார்த்த அதே சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு வெள்ளைத் துணியில் துளி ரப்பிங் காம்பவுண்ட் (மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை) தொட்டுப் பானட்டில் தேய்த்தார். துணி சிவந்தது. "மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, கிடையாது, நிறம் மட்டும்தான். அதனால் தப்பித்தீர்கள். மேல் தோலை எடுத்தால் கீழே உயிர் இருக்கிறது."

பின்பம்பரைப் பார்த்ததும் முகம் மாறியது. எப்போதோ ஓர் உரசலுக்குப் பிறகு வேறு எங்கோ அடித்த பெயிண்ட் அது. அதன் மேல் பூசிய கிளியர் கோட் பாம்புச் சட்டை போல உரிந்துகொண்டிருந்தது. "இதற்குப் பாலிஷ் போட்டால் காசுதான் வீண். சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டும்." பணம் வாங்குகிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காரின் மொத்தப் பெயிண்டும் நாம் எழுதும் தாள் ஒன்றின் தடிமன்தான் இருக்கும் என்றார். அதனால் கூர்மையான விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மிஷினை மெதுவாக ஓட்டினார்; விளிம்பில் பெயிண்ட் மெலிந்திருக்கும், ஒரு நொடி அதிகம் நின்றால் தகரம் தெரிந்துவிடுமாம். பம்பருக்குப் பெயிண்ட் அடிக்க மறுநாள் பதினொரு மணி வரை காத்திருந்தார். மூடுபனி விலகாமல் அடித்தால் மேலே மங்கல் பூத்துவிடும். கடைசியாக, பெயிண்டின் மேல் காப்பாக நிற்கும் பாலிமர் சீலன்ட் பூசினார். வெறும் வேக்ஸ் ஓரிரு மாதத்தில் போய்விடும், இது நான்கைந்து மாதம் தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை பூசினால் கடும் வெயில் மாதங்களுக்குப் போதும். அக்காள் மகனிடம் டப்பாவைக் கொடுத்திருக்கிறேன்.

கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் சாம்பல் பூத்திருந்தன. அப்பா அவற்றையும் ஜன்னல் ஓர ரப்பரான பீடிங்கையும் டீசல் தொட்ட துணியால் துடைத்து வந்திருக்கிறார். மினுமினுப்பு ஒரு வாரம் நிற்கும், பிறகு தூசியை இழுத்துக்கொண்டு மறுபடி வெளுக்கும். டீசல் பட்ட ரப்பர் ஊதிப்போய்த் தளர்கிறது. இடதுபக்கப் பீடிங் அப்படித்தான் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தது. அதை மாற்ற வேண்டியதாயிற்று. மற்றவற்றுக்கு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய்ந்த பிறகு, பிளாஸ்டிக்குக்கென்றே வரும் தண்ணீர் கலந்த டிரெஸ்ஸிங் என்ற மெருகுப் பூச்சு. மஞ்சளித்த ஹெட்லைட்டை வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) படிப்படியாகத் தேய்த்துத் தெளிய வைத்தார். தேய்த்ததோடு விட்டால் சில மாதத்தில் திரும்பவும் மஞ்சளாகும். கம்பெனியில் பூசிய காப்புப் பூச்சு தேய்ப்பில் போய்விடுவதால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு ஒன்றை மேலே போட்டே ஆக வேண்டும். பற்பசையால் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் இதைச் சொல்வதே இல்லை. எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய் ஆயிற்று, மனநிறைவோடு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கண்ணு, நான் தினமும் மூடித்தானே வைத்தேன்?" என்றார். உண்மைதான். நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார். பள்ளத்திலிருந்து வரும் காற்றில் அது நாள் முழுவதும் அடித்து, இடையில் சிக்கிய மண்ணோடு பெயிண்டை அரைத்திருக்கிறது. உள்ளே ஈரமும் வெளியேறவில்லை. மழை நாளில் ஈரத்துக்குப் பயந்து திறந்து வைத்துவிடுவார். பிறகு வெயில் வந்ததும் மூட மறந்திருக்கும். காலையில் பனித்துளியைப் பழைய வேட்டித் துணியால் துடைப்பதும் அதே கதை. துளியோடு தூசியும் சேர்ந்து கீறும். எழுபத்து நான்கு வயதில் அவர் காட்டிய அக்கறை அத்தனையும் காருக்கு எதிராகப் போயிருக்கிறது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெயிலோடு தினமும் மல்லுக்கட்டுகிற நான் சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் பெற்றோரிடம் கார் விட்டிருப்பவர்கள், அடுத்த வீடியோ அழைப்பில் கூரையையும் பானட்டையும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். கவர் வாங்கினால் காற்றுப் போகும் துணிக் கவராக வாங்கிக் கொடுங்கள், கழுவிக் காய்ந்த காரின் மேல் மட்டும் போடச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு நான்கு இரும்புக் குழாய் நட்டு, மேலே தகரம் போட்டோம். நிழல் எங்கே விழுகிறது என்று மணிக்கொரு முறை சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்வாக வந்து இடது கதவில் விழுந்தது. அக்காள் பார்த்துவிட்டு, தன் தேயிலை நாற்றங்காலில் மிச்சமிருந்த பச்சை நிழல் வலையைக் கொண்டுவந்தாள். "கன்றுக்குப் போடத் தெரிந்த நமக்கு இது தோன்றவில்லை பார்" என்றாள். அப்பா ஸ்டூலில் ஏறி, மேற்குப் பக்கம் அதைக் கம்பியால் இழுத்துக் கட்டினார். மூன்றரைக்குக் கோட்டைப் பார்த்தோம். இடது கதவின் கைப்பிடி வரை நிழல் ஏறியிருந்தது.