கரண்ட் வைத்தபின் கண் மங்கினால்: ஸ்டீராய்டா, ஆக்சிஜனா, பெவாசிசுமாபா?

மூளைக் கட்டிக்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து முடித்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து, வலியே இல்லாமல் ஒரு கண் மங்க ஆரம்பிக்கலாம். பார்வை நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கதிர்வீச்சால் மெல்லச் சிதைவதன் விளைவு இது. அபூர்வம்தான். ஆனால் நரம்பில் விழுந்த மொத்தக் கதிர்வீச்சு 50 கிரேயை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். வந்துவிட்டால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புவதில்லை.

முதலில் கண் பரிசோதனையும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனும் வேண்டும். கட்டி திரும்பியிருந்தால் வைத்தியமே வேறு. வெறும் கண்புரை என்றால் ஆபரேஷனோடு தீர்ந்துவிடும். விழித்திரை பாதிப்புக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. நரம்புதான் என்று உறுதியானால் மூன்று வழிகள் பேசப்படும்.

ஸ்டீராய்டு எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் அது மட்டுமே பார்வையை மீட்கும் என்று நம்ப முடியாது. சர்க்கரை ஏறும். அதைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அழுத்த அறைக்குள் ஆக்சிஜன் சுவாசிக்க வைப்பது அடுத்தது. 1986இல் வெளியான ஒரு ஆய்வில் நான்கே நோயாளிகள். பார்வை மங்கிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கிய இருவருக்குப் பார்வை மீண்டது. தாமதமாக வந்த இருவருக்கு மீளவில்லை. பிறகு வந்த அனுபவங்கள் கலவையானவை. வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும், காதில் அழுத்தம் வலிக்கும், அறை இருக்கும் ஊர்களும் குறைவு. மூன்று நாளுக்குள் இடம் கிடைத்தால் போகலாம். மாதம் கடந்தபின் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

பெவாசிசுமாப், கசியும் ரத்தக்குழாய்களை அடக்கும் மருந்து. ரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். கதிர்வீச்சால் மூளைத்திசு செத்துப்போனவர்களிடம் 2011இல் நடந்த 14 பேர் சோதனையில், மருந்து பெற்றவர்கள் எல்லோருக்கும் ஸ்கேனில் முன்னேற்றம் தெரிந்தது. போலி மருந்து பெற்ற யாருக்கும் இல்லை. பார்வை நரம்புக்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை, தனித்தனி நோயாளிகளின் விவரங்கள்தான்: சிலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை. பிபி கூடும், ரத்தக்கசிவும் ரத்தக்கட்டும் வரலாம், சமீபத்திய ஆபரேஷன் புண் ஆறாமல் போகலாம். அப்படியும், உடல் தாங்குமென்றால் மூன்றில் இதைத்தான் முதலில் டாக்டரிடம் கேட்பேன். இந்தியாவில் உள்ளூர் பயோசிமிலர் (அதே மருந்தை ஒத்த, வேறு கம்பெனி தயாரிப்பு) வந்ததிலிருந்து செலவும் சற்று இறங்கியிருக்கிறது.

மூன்றுக்குமே நேரம்தான் முக்கியம். கரண்ட் முடிந்தவர்கள் தினமும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவர்க் காலண்டரின் சிவப்புத் தேதிகளைப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் அந்தச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், அடுத்த செக்கப் வரை காத்திராமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.