சுவிஸ் கடவுச்சீட்டு: எடுக்கலாமா?

பாரிசுக்கும் பெர்லினுக்கும் போய்வர மட்டும்தான் என்றால், சுவிஸ் கடவுச்சீட்டுக்காக மினக்கெட வேண்டாம். சுவிஸில் நிரந்தரமாக வாழத் தரும் சீ அனுமதி இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரலாம். வித்தியாசம் தெரிவது லண்டனுக்கும் கனடாவுக்கும் வெளிக்கிடும்போதுதான். நம் சொந்தங்களில் பாதிப்பேர் அங்கேதானே இருக்கிறார்கள்.

முன்பு லண்டனில் ஒரு செத்தவீடு என்றால் சம்பளத் துண்டு, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம் எல்லாம் சேர்த்து விசாவுக்குக் கொடுக்க வேண்டும். அது வருவதற்குள் அந்தியேட்டியும் முடிந்துவிடும். பெரியம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது கைபேசித் திரையில்தான். சித்தப்பா தவறியபோது இந்தச் சிவப்புப் புத்தகம் வந்துவிட்டது. கைபேசியிலேயே விசாவுக்குப் பதிலான ஈ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதி எடுத்து, மறுநாள் காலை சூரிச்சில் விமானம் ஏறினேன். கொள்ளி வைக்கும்போது தம்பிமாரோடு நின்றேன். கனடாவுக்கும் இப்படித்தான், இணையத்தில் 7 கனடிய டொலர் கட்டினால் சரி. இந்த ஒன்றுக்காகவே எடுக்கலாம் என்பேன்.

பிள்ளைகளுக்கு இன்னொரு பெரிய லாபம் உண்டு. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் 2002இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் சுவிஸ் குடிமக்கள் ஒன்றிய நாடுகளில் குடியிருந்து வேலை செய்யலாம். சீ அனுமதி அந்த உரிமையைத் தராது.

சரி, எடுப்பது எப்படி? கடவுச்சீட்டுக்கு முதலில் சுவிஸ் குடியுரிமை பெற வேண்டும். 2018இல் வந்த சட்டப்படி பத்து வருட வதிவிடமும் சீ அனுமதியும் வேண்டும். 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் இங்கே வாழ்ந்த வருடங்கள் இரட்டிப்பாகக் கணக்கில் வரும், ஆனாலும் ஆறு வருடமாவது உண்மையில் இருந்திருக்க வேண்டும். ஊரின் மொழியில் பேச்சு பி1 என்ற நடுத்தர நிலையிலும், எழுத்து அதற்குக் கீழான ஏ2 நிலையிலும் இருக்க வேண்டும். ஊர், மாநிலம், கூட்டாட்சி என்று மூன்று இடத்திலும் சம்மதம் கிடைக்க வேண்டும். இதில் ஊர்தான் முக்கியம். அயலவர்களோடு பழகுங்கள், சங்கம் ஒன்றில் சேருங்கள். டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பைவிட எனக்குக் கைகொடுத்தது பக்கத்து வீட்டுக்காரரோடு தோட்டத்தில் நின்று கதைத்த பேச்சுத்தான். ஊர் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். குடியுரிமையை ஊர் மக்கள் வாக்குப்பெட்டியில் தீர்மானிப்பது செல்லாது என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெரியவர்களின் கடவுச்சீட்டுக்கு 140 பிராங்க், தபால் செலவு தனி. அடையாள அட்டையையும் சேர்த்து எடுத்தால் 148தான், அதையே எடுங்கள். பத்து வருடம் செல்லும். விவரப் பக்கத்தில் உயரம்கூட இருக்கிறது, பிறந்த இடம் இல்லை. அதற்குப் பதிலாக, குடியுரிமை தந்த ஊரின் பெயர். சாவகச்சேரியில் பிறந்த எனக்கு இந்தச் சிற்றூர் தன் பெயரைத் தந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன்.

விண்ணப்பிக்குமுன் வீட்டில் இரண்டு விஷயம் கதையுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இராணுவ சேவைக் கடமை வரும். அப்புறம், சுவிஸ் 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போய்விடும். அது வேண்டுமென்றால் இலங்கையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.