தண்டையார்பேட்டை மாதிரித் தயாரிப்புக் கூடம்: எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மீன் செவுள் கொடுத்த அனுபவம்

எண்ணூர்க் கழிமுகத்து மடவை மீனின் செவுளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டிய தேவை என் ஆய்வில் வந்ததிலிருந்து, ஒன்றரை ஆண்டாகத் தண்டையார்பேட்டையிலுள்ள ஒரு சிறிய கூடத்துக்குப் போய்வருகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், தரைத்தளத்தில், இரண்டே அறைகளில் அது நடக்கிறது. வாசலில் பெரிய பலகை இல்லை. ஆய்வு மாணவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லித்தான் வருகிறார்கள். திசுவைப் பதப்படுத்தி, ரெசின் என்னும் பிசினில் புதைத்து இறுக்கி, வெட்டி, சாயமேற்றி, கிரிட் எனப்படும் சிறு செப்பு வலைத்தட்டில் ஏற்றித் தருவது வரை அவர்கள் வேலை. நுண்ணோக்கி அவர்களிடம் கிடையாது. நகரின் தென்பகுதியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் நேரம் பதிவு செய்து, நம்மையும் உடன் அழைத்துப்போய்ப் படமெடுத்துத் தருகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் ஏமாற்றமடையக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீனின் செவுளில் குளோரைடு செல் என்றொரு வகை உண்டு. கடல்நீரில் வாழும் மீன் உடலில் சேரும் மிகை உப்பை வெளியேற்றுவது அதுதான். கீஸ், வில்மர் என்ற இருவர் விலாங்கு மீனின் செவுளில் 1932ஆம் ஆண்டு இதை அடையாளம் கண்டபோது அவர்களிடம் இருந்தது சாதாரண ஒளி நுண்ணோக்கி. ஒளி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கு உட்பட்ட எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. செல்லின் சவ்வோ ஏழு, எட்டு நானோமீட்டர் தடிமன்தான். அந்தச் செல் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும், அவற்றுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் உட்சவ்வு மடிப்புகளையும், அவற்றுக்கிடையே ஊடுருவி ஓடும் நுண்குழல் வலையையும் தெளிவாகப் பார்க்க எலக்ட்ரான் கற்றைதான் வேண்டும். மடவை உவர்நீருக்கும் கடல்நீருக்கும் மாறிமாறிப் போகும் மீன் என்பதால் இந்தச் செல்லின் நிலை அதற்கு உயிர்நாடி. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிய அதே நீரில் வாழும் மடவையின் செவுள் எப்படி இருக்கிறது என்பதே என் கேள்வி.

முதல் முறை நான் அங்கே போனது ரெசின் பிளாக்குகளோடு, அதாவது திசு புதைந்து இறுகிய பிசின் கட்டிகளோடு. அதற்கு முன் வேறோர் இடத்தில் மாதிரியைக் கொடுத்திருந்தேன். அவர்கள் இரண்டு மாதம் கழித்து ஒரு பென்டிரைவில் நாற்பது படங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சொல் விளக்கம் இல்லை. படங்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் எல்லாம் ஊதிப்போய், மடிப்புகள் உடைந்து, நடுவில் வெளுத்துக் கிடந்தன. மாசின் விளைவு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது என்று நம்பி ஆய்வேட்டில் அரை அத்தியாயம் எழுதியும் விட்டேன். கூடுதலாகச் சில படங்கள் வேண்டும் என்பதற்காக மட்டுமே அதே பிளாக்குகளை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் போனேன்.

அங்கே வெட்டும் பணியைப் பார்க்கும் பெரியவர் எண்ணூர் பிளாக்கோடு, ஒப்பீட்டுக்காக நான் பழவேற்காட்டிலிருந்து எடுத்திருந்த மீனின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டிலிருந்தும் எடுத்த படங்களைப் பத்து நாள் கழித்துத் திரையில் அருகருகே வைத்துவிட்டு, "மீன் செத்து எவ்வளவு நேரம் கழிச்சும்மா செவுளை வெட்டினீங்க?" என்று கேட்டார். ஐஸ் பெட்டியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்து வெட்டினேன், ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றேன். அவர் பழவேற்காட்டுப் படத்தைச் சுட்டிக்காட்டினார். அதிலும் அதே வீக்கம். அதுவும் எல்லாச் செல்லிலும் ஒரே அளவில். "நோய்னா ஒரு செல்லு கெட்டிருக்கும், பக்கத்துச் செல்லு நல்லாயிருக்கும். இங்கே மொத்தமும் ஒண்ணுபோல இருக்கு. இது தண்ணியோட குத்தம் இல்லம்மா, நேரத்தோட குத்தம்" என்றார்.

உயிர் போனதும் ஆக்சிஜன் நின்று, செல்லின் ஆற்றல் தீர்ந்து, அயனிகளை வெளியே தள்ளும் பம்புகள் ஓய்ந்துவிட, நீர் உள்ளே ஏறி மைட்டோகாண்ட்ரியா ஊதத் தொடங்குகிறது. செவுள் போன்ற மென்மையான திசுவில் இது நிமிடக் கணக்கில் நடக்கிறது, ஐஸ் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. செவுள் இதழின் மேல்தோல் உரிந்து எழும்புவதும் அப்படித்தான்: மாசின் அடையாளமாகச் சொல்லப்படும் அதே தோற்றம், தாமதமாகப் பதப்படுத்தினாலும் வந்துவிடும். பாடநூலில் இதையெல்லாம் நான் படித்திருந்தேன். என் படத்தில் அதைக் காட்டிச் சொன்னவர் அவர்தான். கேட்ட படங்களை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம், அவருக்கு எந்த நட்டமும் இல்லை. தவறான ஒரு முடிவை அச்சிலேற்றாமல் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்வி. இந்தக் கூடத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு முதற்காரணமும் அதுவே.

இரண்டாம் முறைக்கு, திசுவைக் கெடாமல் நிறுத்தும் க்ளூட்டரால்டிஹைடு மருந்தை 2.5 விழுக்காட்டில் நிரப்பிய சிறு குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைத்து அவர்களே முன்கூட்டிக் கொடுத்தார்கள். மீனின் உடல்நீருக்கு ஏற்றபடி கரைசலின் உப்புச் செறிவையும் சரிசெய்திருந்தார்கள். அதில் பிசகினாலும் செல் ஊதும் அல்லது சுருங்கும். அதிகாலையில் எண்ணூர் முகத்துவாரத்தில், தெரிந்த மீனவ அண்ணன் ஒருவரின் படகிலேயே உட்கார்ந்து, மீன் துடித்துக்கொண்டிருக்கும்போதே செவுளை எடுத்து, மெழுகுத்தட்டில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டு அதற்குள்ளேயே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் குப்பியில் போட்டேன். அதைவிடப் பெரிதாக வெட்டினால் மருந்து நடுவரை போய்ச்சேருவதற்குள் உள்ளே இருப்பது கெட்டுவிடும்.

வெட்டும் அறையில் நின்று பார்க்க அனுமதிக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடக்கூடாது. 60 டிகிரியில் இரண்டு நாள் இறுகிய ரெசின் பிளாக்கின் முனையைப் பிளேடால் சீவிச் சீவிச் சிறு சரிவகமாக்கி, முதலில் ஒரு மைக்ரான் தடிமனில் வெட்டி, டொலுயிடின் நீலம் ஏற்றி, சாதாரண நுண்ணோக்கியில் குளோரைடு செல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுகிறார். இடம் உறுதியான பிறகே வைரக்கத்தி வெளியே வருகிறது. அதில் வெட்டும் தடிமன் 70 நானோமீட்டர்; அது, ஒரு மில்லிமீட்டர் திசுவைப் பதினான்காயிரம் தடவைக்கு மேல் சீவக்கூடிய மெலிவு. சீவிய துண்டுகள் கத்தியின் பின்புறமுள்ள குட்டித் தொட்டியில் தண்ணீர்மேல் ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாக மிதந்து வருகின்றன. வெள்ளி நிறத்தில் மின்னினால் தடிமன் சரி; பொன்னிறம் காட்டினால் கனம் கூடிவிட்டது என்று தள்ளிவிடுகிறார். துண்டுகளை நகர்த்த அவர் வைத்திருக்கும் கருவி, மரக்குச்சியின் நுனியில் ஒட்டிய ஒற்றைக் கண்ணிமை மயிர். அதன் வளைவால் மெல்லத் தொட்டு, நான்கு துண்டுகளை ஒன்றுசேர்த்து, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள கிரிட்டைக் கீழிருந்து தூக்கி ஏந்திக்கொண்டபோது அறையில் யாரும் பேசவில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய ஓர் இடைஞ்சல் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் அதிர்வு தரை வழியாகக் கத்திக்கு வந்தால், துண்டில் ஜன்னல் சட்டம்போல வரிவரியாகக் கோடு விழும். அதிர்வு தாங்கும் கனமான மேசை போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் மெல்லிய வெட்டுகளைப் பெரும்பாலும் லாரி குறைந்த நேரம் பார்த்தே எடுக்கிறார். அதனால்தான் நாள் தள்ளிப்போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் வராது.

வேதிப்பொருள்களைக் கையாளும் விதத்தையும் நான் கவனித்தேன். ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொழுப்புச் சவ்வுகளைப் பிடித்து நிறுத்திக் கறுப்பாக்கும். அதன் ஆவி கண்ணின் கருவிழியையே கெடுக்கும். ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள்ளேதான் திறக்கிறார்கள். மிச்சத்தைச் சமையல் எண்ணெயில் ஊற்றிச் செயலிழக்கச் செய்கிறார்கள், எண்ணெய் கறுத்துவிடுகிறது. யுரேனைல் அசிட்டேட் சாயக் கழிவுக்குத் தனிப் புட்டி. ஆர்செனிக் கலந்த தாங்கல் கரைசலை விட்டுவிட்டுப் பாஸ்பேட்டுக்கு மாறியிருக்கிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாறும் ஊரார் கழிவையெல்லாம் சுமக்கிற பகுதியில், ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கூடத்தை நான் மதிக்கிறேன். அந்த நீரை ஆய்வு செய்ய வந்தவளின் மாதிரியே அதைக் கெடுக்கக்கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் தொகுதியில் ஒரு கிரிட் முழுவதும் கரும்புள்ளிகள் சிதறிக்கிடந்தன. லெட் சிட்ரேட் சாயம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாகப் படிந்த கறை அது. சாயத்தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் வைத்தும், மூச்சுக்காற்று படாமல் மூடியும் தடுக்க வேண்டியது. பயிற்சிக்கு வந்த இளைஞர் அவசரப்பட்டிருக்கிறார். மறுபேச்சில்லாமல் புதிதாக வெட்டித் தந்தார்கள் என்றாலும் எனக்கு இரண்டு வாரம் போயிற்று. அதைவிட வருத்தம் தந்தது படங்களை அனுப்பிய முறை. முதல் முறை வாட்ஸ்அப்பில் சுருக்கிய படங்களாக, அளவுகோல் கோடு வெட்டுப்பட்டு வந்தன. அளக்க முடியாத நுண்படத்தால் ஆய்வுக்குப் பயனில்லை. சுருக்காத முழு டிஃப் (TIFF) படக் கோப்புகளை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். இப்போது கேட்காமலே தருகிறார்கள். கட்டண விவரம் எழுத்தில் இல்லை என்பது இன்னும் தீராத குறை: தயாரிப்புக்கு மாதிரிக் கணக்கிலும், நுண்ணோக்கிக்கு மணிக்கணக்கிலும் தனித்தனியே வாங்குகிறார்கள், முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நுண்ணோக்கி முன்னால் நம்மை உட்கார வைத்து, எந்தச் செல்லை எந்தப் பெருக்கத்தில் எடுப்பது என்று நம்மையே தீர்மானிக்க விடுகிறார்கள். அழகான இடமாகப் பார்த்து எடுக்காமல், ஒரு கிரிட்டில் வரிசையாக வரும் சதுரங்களில் கண்ணில் படும் எல்லாக் குளோரைடு செல்லையும் எடுக்கச் சொன்னதும் அந்தப் பெரியவர்தான். இம்முறை அதே விதமாக எடுத்த பழவேற்காட்டு மீனில் மடிப்புகள் புத்தகத் தாள்போல அடுக்காக இருந்தன. எண்ணூர் மீனில் ஒரு செல் ஊதிக் கிடக்க, அதை ஒட்டிய செல் ஒழுங்காக இருந்தது. நான்கு மீன்களை வைத்து எதையும் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் இது நேரத்தின் குற்றம் அல்ல என்று இப்போது சொல்ல முடிகிறது.

வேலை முடிந்ததும் மிச்சப் பிளாக்குகளைப் பெயரும் தேதியும் எழுதிய சிறு கூடுகளில் திருப்பித் தருகிறார்கள். அவை பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரமாகப் படம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. குப்பிகளை ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். முகத்துவாரத்தில் அடுத்த அமாவாசைக்குப் பிறகு வலை போடும்போது நானும் படகில் போவதாக இருக்கிறேன். அதற்கு எட்டுக் குப்பிகள் கேட்டிருக்கிறேன்.