கொடைக்கானல் என்று சொல்லிக் காப்பித் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள்

கத்திரி வெயில் நெருங்கும்போதே கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மலைச் சுற்றுலாப் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் ஒன்றை நம்பி, 2025 மே மாதம், ஆறு பேர் கொண்ட என் குடும்பத்துக்காக 34,000 ரூபாய் கட்டி நான் ஏமாந்த விதத்தை, எந்த மலைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும் கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நாங்கள் முதலில் விரும்பியது ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடலாம். மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் என் அம்மாவுக்கு அதற்கு மேல் தாங்காது. முகவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஏற்காட்டில் குளிர் எங்கே சார் இருக்கிறது? வெறும் 1,500 மீட்டர். இன்னும் கொஞ்சம் போட்டால் கொடைக்கானலே போகலாம், ஏரியைப் பார்த்த அறை, குறிஞ்சியும் பூத்திருக்கிறது" என்றார். கொடைக்கானல் அதைவிட உயரம், ஏறத்தாழ 2,100 மீட்டர் என்பது உண்மைதான். உண்மையான ஒரு செய்தியோடு சேர்த்துச் சொல்லப்பட்டதால் மற்ற இரண்டையும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ரசீது என்ற பெயரில் கிடைத்தது, முகவரி அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிய ஒரு வரி.

புறப்படும் நாள் அதிகாலையில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த வண்டியில் வெள்ளை எண் பலகை இருந்தது. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும் என்பதும், சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பிள்ளைகள் அதற்குள் ஏறி அமர்ந்துவிட்டார்கள். நானும் பேசாமல் ஏறினேன்.

வண்டி மாறியதன் விளைவு சோதனைச் சாவடியில் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு, இணையத்தில் பதிவு செய்து பெறும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்றும், நீலகிரிக்கு 6,000, 8,000 என்றும் வரம்பும் விதித்திருந்தார்கள். முகவர் எடுத்துத் தந்த இ-பாஸில் இருந்தது வேறொரு வண்டியின் எண். நாங்கள் போனதோ சனிக்கிழமை. ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு என் கைபேசியிலேயே புதிதாகப் பதிவு செய்து பாஸ் பெற்றோம். அதற்கு ஒரு காசும் கேட்கப்படவில்லை, ஏனெனில் இ-பாஸ் இலவசம். முகவரின் கணக்கில் "இ-பாஸ் செலவு 800" என்று ஒரு வரி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அறைதான் எல்லாவற்றுக்கும் மேல். கொடைக்கானல் ஊருக்குள் போகாமலேயே வண்டி பண்ணைக்காடு செல்லும் சாலையில் திரும்பி, ஒரு காப்பித் தோட்டத்துக்குள் நின்றது. பனி கொட்டும் உயரத்தில் காப்பிச் செடி பிழைக்காது. சுற்றிலும் அது செழித்து நிற்கிறது என்றால், நாம் கொடைக்கானலின் குளிருக்கு வெகு கீழே இருக்கிறோம் என்று பொருள். ஏற்காட்டிலும் காப்பித் தோட்டங்கள்தான். எந்தக் குளிர் போதாது என்று ஏற்காட்டைத் தள்ளினோமோ, அதே குளிருக்கு, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் பயணம் செய்து, அம்மாவை வழியெல்லாம் வாந்தி எடுக்கவைத்து வந்து சேர்ந்திருந்தோம். ஏரி எங்கே என்று கேட்டதற்கு, காவலாளி பாசனக் குட்டை ஒன்றைக் கைகாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவு அம்மாவுக்குச் சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். கொடைக்கானல் ஏரியை மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியதாயிற்று.

குறிஞ்சி என்று ஓட்டுநர் காட்டியது சாலையோரத்து ஊதாப் பூ ஏதோ ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030 என்று என் மகள் வண்டியிலேயே கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்தக் கணக்கைப் பணம் கட்டுவதற்கு முன் நான் போட்டிருக்க வேண்டும்.

இனி எந்த மலையானாலும், தங்கும் விடுதியின் முழுப் பெயரை வாங்கி, வரைபடத்தில் அதன் இடத்தைப் பார்த்து, விடுதிக்கு நேரடியாகப் பேசிய பிறகே முன்பணம் கொடுப்பேன். "கொடைக்கானல் அருகில்" என்பது ஒரு முகவரி அல்ல. இ-பாஸை நானே எடுப்பேன். அதற்காகவே வண்டி எண்ணை முந்தின நாளே கேட்டு வாங்குவேன்.

திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். அது தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஏரியைப் பார்த்த அறை என்று முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். புகார் எண்ணைச் சொன்ன பிறகு அவர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். பணத்தைத் திருப்பித் தர வழியில்லையாம். அடுத்த மாதம் ஊட்டிக்குப் போவதாக இருந்தால் 3,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.