ஏற்காட்டில் ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப்: ஒரு காப்பித் தோட்ட விடுதியின் திரையிடல் பற்றிய மதிப்புரை

மே மாதத்தில் ஏற்காட்டில் அறை கிடைப்பது பெரும்பாடு. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் அதே மாதத்தில்தான் ஆண்களுக்கான ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப்பும் ஏதாவதொரு ஐரோப்பிய நாட்டில் நடைபெறுவது வழக்கம். தங்கும் அறை, உணவு, ஆட்டத் திரையிடல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் வழங்குகிறது நாகலூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு காப்பித் தோட்ட விடுதி. விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. பெயர்ப் பலகையும் அங்கே கிடையாது. ஒண்டிக்கடையில் நின்று, “ஐஸ் ஹாக்கி காட்டுற எஸ்டேட் எங்கேங்க?” என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே வழி சொல்லிவிடுகிறார்கள். 2025 தொடரின் காலிறுதி முதல் இறுதிப் போட்டி வரை குடும்பத்துடன் அங்கே தங்கியிருந்தோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டை அறியாதவரையும் ஒரே மாலையில் ரசிகராக்கிவிடும் அளவுக்கு இங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அப்படிக் கற்றுக்கொண்டதைக் கண்ணால் கண்டு அனுபவிப்பதற்கு ஏற்ற கருவிகள் இங்கே இல்லை.

உரிமையாளர் ஸ்வீடனில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, மிளகையும் காப்பியையும் கவனித்துக்கொள்ள ஊர் திரும்பியவர். முதன்முறை வரும் விருந்தினர்களை ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பாக அழைத்து, ஒரு பழைய கேரம் பலகையைச் சுற்றி உட்காரவைக்கிறார். பலகையின் நடுவே சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும், அதற்கு இருபுறமும் நீல நிறத்தில் ஒவ்வொரு கோடும் வரையப்பட்டிருக்கின்றன. வெள்ளைக் காய்கள் ஐந்து ஓர் அணி, கறுப்புக் காய்கள் ஐந்து மற்றோர் அணி. இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் கோல் கீப்பர்கள். சிவப்புக் காய்தான் பக் எனப்படும் ரப்பர் வட்டு. சிவப்புக் காய் நீலக் கோட்டைக் கடந்து உள்ளே போவதற்கு முன்பாகத் தாக்கும் அணியின் எந்தக் காயும் உள்ளே போய்விடக் கூடாது என்று சொல்லி, வெள்ளைக் காய் ஒன்றை முன்னே தள்ளி வைத்து, “இப்ப இது ஆஃப்சைடுங்க” என்கிறார். பிறகு போரிக் பவுடரைத் தூவி, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சிவப்புக் காயைச் சுண்டுகிறார், அது யார் கையிலும் படாமல் எதிர்முனையின் கோல் கோட்டைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போய் நின்றதும், “இது ஐசிங், ஆட்டம் மறுபடியும் நம்ம முனையிலதான் தொடங்கும், களைச்சுப்போன ஆளுகளை மாத்தவும் முடியாது” என்று விளக்குகிறார். எத்தனையோ இணையதளங்களில் படித்தும் எனக்குப் பிடிபடாத விதி அந்தப் பலகையின் மேல் நிமிடத்தில் விளங்கியது.

தொடரின் அமைப்பையும் அவர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். 16 அணிகள் எட்டெட்டாக இரு பிரிவுகளில் ஆடுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குச் செல்ல, கடைசி இடம் பெறும் அணி அடுத்த ஆண்டு கீழ்நிலைப் பிரிவுக்கு இறங்கிவிடும். 60 நிமிடங்களுக்குள் வென்றால் மூன்று புள்ளிகள், அதற்குப் பிறகு வென்றால் இரண்டு, அப்படித் தோற்றவருக்கும் ஒன்று. 2025-இல் பிரான்சும் கஜகஸ்தானும் இறங்கின. பிரிட்டனும் இத்தாலியும் மேலேறின. சுவரில் லடாக்கின் உறைந்த குளத்தில் சிறுவர்கள் ஆடும் புகைப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. 1989 முதல் சர்வதேசக் கூட்டமைப்பில் இந்தியா உறுப்பினர் என்றாலும், நம் அணிக்கும் இந்த 16 அணிகளுக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை அவர் அந்தப் படத்தைக் காட்டித்தான் சொல்வார்.

நாங்கள் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது, வியாழக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்பாகத் தொடங்கிய டென்மார்க்–கனடா காலிறுதி. போட்டி நடந்தது டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில். கனடா அணியில் சிட்னி கிராஸ்பி, நேதன் மக்கினன் போன்ற பெருந்தலைகள் இருந்தார்கள். டென்மார்க்கோ அதுவரை ஒருமுறைகூட அரையிறுதியைக் கண்டதில்லை. கனடா 1-0 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடிய இரண்டே கால் நிமிடங்கள் இருக்கும்போது நிக்கோலாய் ஏலர்ஸ் சமன் செய்தார்; 49 வினாடிகள் இருக்கும்போது நிக் ஓல்சன் வெற்றிக் கோலைப் போட்டார். கூடத்தில் இருந்த பலருக்கு டென்மார்க் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அரையிறுதியில் அதே டென்மார்க் சுவிட்சர்லாந்திடம் 7-0 என்று தோற்றது வேறு கதை.

அன்றைய ஆட்டத்தின் இடையே, சேலம் உருக்காலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மாமனாருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

“ஏன் தம்பி, அவரு என்ன தப்பு பண்ணினாருன்னு தனியா கூண்டுல உக்கார வெச்சிருக்காங்க?”

“மட்டையால எதிராளி கால இடறி விட்டுட்டாருங்கய்யா. ரெண்டு நிமிஷம் வெளியே இருக்கணும். அதுக்குள்ள எதிரணி கோல் போட்டுட்டா உடனே வந்துரலாம்.”

“அப்ப நம்ம பக்கம் அடி வாங்கினாத்தான் இவருக்கு விடுதலையா?”

உரிமையாளர் சிரித்துவிட்டு, ஓர் ஆள் குறைவாக ஆடும் அணி எப்படி நாற்கரமாக நின்று கோல் முன்பகுதியைக் காக்கிறது என்பதைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினார். இத்தகைய உடனடி விளக்கங்கள்தான் இந்த இடத்தின் சொத்து. ஆங்கில வர்ணனையின் ஒலியை அவர் அடியோடு நிறுத்துவதில்லை. நடுவர் ஊதி ஆட்டம் நின்றால் மட்டும் குறைத்துவிட்டுப் பேசுகிறார், ஆட்டம் தொடங்கியதும் வாயைத் திறப்பதில்லை. ஊர்ப்பெருமை கலந்த உபகதைகளையும் இடைவேளைக்கு ஒத்திவைக்கிறார். 2023-இல் லாட்வியா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்று வெண்கலம் பெற்றதும், அந்நாட்டு நாடாளுமன்றம் நள்ளிரவில் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது என்ற செய்தியை அப்படி ஓர் இடைவேளையில்தான் கேட்டேன்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். திரையிடல் நடப்பது பழைய காப்பிக் கிடங்கு ஒன்றில். புரொஜெக்டரைக் கொண்டு பெரிய வெள்ளைத் திரையில் காட்டுகிறார்கள். பெரிய திரை என்றதும் ஆசை வருவது இயல்பு; ஆனால் ஐஸ் ஹாக்கிக்கு அதுவே கேடு. வட்டின் விட்டம் 7.62 சென்டிமீட்டர், சேலத்துத் தட்டுவடையைவிடச் சற்றுப் பெரிய, ஓர் அங்குலத் தடிமனுள்ள கறுப்பு ரப்பர். துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைக்கிறார்கள். அறுபது மீட்டர் நீளமுள்ள களத்தில் அது பாயும் வேகத்தை, மங்கிய ஒளியும் சுமாரான கூர்மையும் கொண்ட ஒரு புரொஜெக்டரால் காட்ட முடியவில்லை. பனி சாம்பல் நிறமாகவும் வட்டு அதில் தேய்ந்த கீற்றாகவும் தெரிகின்றன. சனிக்கிழமை மாலை அரையிறுதியின்போது ஜன்னல் வழியாக வெளிச்சமும் சேர்ந்துகொண்டதால், கோல் விழுந்ததை ஆட்டக்காரர்கள் கைகளை உயர்த்துவதைக் கண்டுதான் அறிந்துகொண்டோம். வட்டைத் தேடாமல் ஆட்களின் நகர்வைப் பார்க்கும்படி உரிமையாளர் சொல்வது நல்ல அறிவுரையே என்றாலும், அதன் ஒரு பாதி அவருடைய புரொஜெக்டருக்குச் செய்யப்படும் சமாதானம் என்றே எனக்குப் பட்டது. சாப்பாட்டு அறையில் உள்ள 55 அங்குலத் தொலைக்காட்சியில் அதே ஆட்டம் கண்ணாடி போலத் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுப் பேர் உட்காரலாம். அடுத்த ஆண்டு ஜன்னல்களுக்குக் கனத்த திரைச்சீலையாவது போட வேண்டும்.

கிடங்கின் தகரக் கூரை இன்னொரு தொல்லை. மே மாதக் கடைசியில் மலையில் மழை பிடித்தால் வர்ணனையும் கேட்பதில்லை, உரிமையாளரின் விளக்கமும் கேட்பதில்லை. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உடனே ஏற்கிறது. ஆனால் இணையக் கருவியையும் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியையும் மட்டுமே அது தாங்கும் என்பதால், கிடங்கில் இருந்த கூட்டம் முழுவதும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிறிய அறைக்குள் நெருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இணைய ஒளிபரப்பு நேரலையைவிட அரை நிமிடம்போலப் பின்தங்கி வருகிறது. ஆகவே கைப்பேசிகளை அணைத்துவைக்கும்படி ஒவ்வொரு நாளும் சொல்கிறார்கள், சொன்னதோடு சரி. அதன் பலனை இறுதிப் போட்டியில் அனுபவித்தோம். ஸ்டாக்ஹோமில் அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் மோதிய அந்த ஆட்டத்தில், ஜெரமி ஸ்வேமன், லியனார்டோ ஜெனோனி ஆகிய இரு கோல் கீப்பர்களும் 60 நிமிடங்கள் வரை ஒரு கோலும் விடவில்லை. கூடுதல் நேரத்தில் அணிக்கு மூன்று ஆட்டக்காரர்கள் மட்டுமே இறங்குவார்கள். முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். ஆள் குறைந்து களம் விரிந்துவிட, ஒவ்வொரு தாக்குதலும் கோலாகிவிடுமோ என்று நெஞ்சு பதைக்கும் கட்டத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒருவர் கைப்பேசியைப் பார்த்து, “அமெரிக்கா ஜெயிச்சாச்சுங்க” என்றார். திரையில் வட்டு அப்போது நடுக்களத்தில் கிடந்தது. கூடுதல் நேரத்தின் 2 நிமிடம் 2-ஆவது வினாடியில் டேஜ் தாம்சன் அடித்த கோலை, தெரிந்த செய்தியின் மறு ஒளிபரப்பாகத்தான் நாங்கள் பார்த்தோம். தனித் தொடராக நடத்தப்பட்ட உலகச் சாம்பியன்ஷிப்புகளில் 1933-க்குப் பிறகு அமெரிக்கா பெற்ற முதல் தங்கம் அது. முந்தைய ஆண்டு பிராகில் செக் அணியிடமும் இறுதியில் தோற்றிருந்த சுவிட்சர்லாந்துக்கு அடுத்தடுத்த இரண்டாவது ஏமாற்றம். அப்படிப்பட்ட கோலைக் காண நள்ளிரவு தாண்டிக் கண்விழித்திருந்தவர்களுக்கு அந்த அரை நிமிடம் பெரிய நட்டம். கைப்பேசிகளை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவதே வழி.

உணவைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. இருபது நிமிட ஆட்டப் பகுதிகள் மூன்று, நடுவே பதினைந்து நிமிட இடைவேளைகள் இரண்டு என்ற கணக்குக்கு ஏற்பப் பரிமாறும் முறையை வகுத்திருக்கிறார்கள். முதல் இடைவேளையில் தோட்டத்து மிளகைத் தட்டிப்போட்ட சூடான ரசம் டம்ளரில் வருகிறது. இரண்டாவதில் தட்டுவடை செட். சமையல்கார அம்மா தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் கிண்ணங்களில் தயாராக வைத்துக்கொண்டு, திரையின் மூலையில் இறங்கிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பகுதி முடிந்த ஒலி எழுந்த பிறகுதான் சட்னியைத் தடவுகிறார். ஆகவே கைக்கு வரும்போதும் தட்டுவடை நொறுநொறுவென்றே இருக்கிறது. சேலத்துக் கடைவீதிகளில்கூட எல்லா இடத்திலும் இந்தப் பக்குவம் வாய்ப்பதில்லை. நள்ளிரவு ஆட்டத்துக்குக் காப்பி மட்டும்தான். ஏற்காட்டில் அந்நேரத்தில் வெளியே எதுவும் கிடைக்காது என்பதால் பசி தாங்காதவர்கள் ஏதாவது கையில் எடுத்துக்கொண்டு போவது நலம்.

அறைகள் சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும். இருவருக்கான அறைக்கு ஓர் இரவுக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். விழாக்கால ஏற்காட்டில், உணவும் சேர்ந்திருக்கையில், இது நியாயமான தொகை.

யாருக்கு ஏற்றது என்பதை ஆட்ட நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். மத்திய ஐரோப்பாவின் கோடைகால நேரத்துக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 4.20-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7.50, அங்கே இரவு 8.20 என்றால் நமக்கு 11.50. முதலாவது, குழந்தைகளோடு இரவு உணவை ஒட்டிப் பார்க்கத் தோதானது. இரண்டாவது முடிவதற்குள் இரவு இரண்டு மணி தாண்டிவிடும். மறுநாள் காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்க வேண்டியவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம். லீக் சுற்றில் நாள்தோறும் முன்னிரவு ஆட்டங்கள் இருக்கும், கூட்டமும் குறைவு, கேரம் பலகை வகுப்பிலும் அவசரம் இருக்காது. முதன்முறை செல்பவர்களுக்கு இறுதிக் கட்டத்தைவிட அந்த நாட்களையே நான் பரிந்துரைப்பேன்.

2026 தொடர் சுவிட்சர்லாந்தின் சூரிக், ஃப்ரிபூர் நகரங்களில் மே 15 முதல் 31 வரை என்பதால் நேரக் கணக்கில் மாற்றம் இல்லை. முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே. முன்பணம் அனுப்பும்போதே சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியின் முன்பாக இடம் வேண்டும் என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்லிவிடுங்கள்.